உள்பக்கத் தாழ்ப்பாள்

அத்தியாயம் 11

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளேன்.”

“சிரிக்கக் கூடாது.”

“டியூட்டியில நான் சிரிக்கவே மாட்டேன். கேளு.”

“அது வந்து...”

“இரு, ஸ்டாப் வருது. அப்புறம் சொல்லு.”

பத்தொன்பது வருடங்களுக்கு முன், கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாத ஒரு மதியத்தில், அவர் நடத்துநராக இருந்த பேருந்தின் கடைசி இருக்கையில் நடந்த பேச்சு அது. அவர் விசில் ஊதினார். ஆறு பேர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள். திரும்பி வந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்க வந்தாய் என்று அவரும் கேட்கவில்லை. கேட்க வந்ததை அவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ ஸ்டாப் வந்து போய்விட்டது.

தையற்காரிக்கு அது இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அதே மனிதர், அவளுக்குப் பத்தடி தள்ளி, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வருடத்துக்குப் பத்து நாள் சபையாரோடு வெளியூர் போய், வீடில்லாத குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பது அவளுக்கு இது ஒன்பதாவது முறை. எட்டு முறையும் அவர் வரவில்லை. லீவு கிடைக்காது என்பார். இந்த முறை வேன் புறப்படுகிற நேரத்தில் பையும் கையுமாக வந்து ஏறி, “ரைட், போலாம்” என்றார். போதகர் வாயைப் பிளந்தார். போதகர் வேறு யாரும் இல்லை, அவருடைய சொந்தத் தம்பி. இந்தப் பயணத்துக்குத் தலைவரும் அவர்தான்.

ஏன் வந்தீர்கள் என்று ஐந்து நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். “சும்மாதான்” என்கிறார். சும்மா வருகிற மனிதர் இல்லையே அவர். சும்மா இருக்கிற மனிதர் ஆயிற்றே!

யார் எது சொன்னாலும் “ரைட்” என்பதுதான் அவருடைய வேதம். தம்பியின் படிப்புக்கு ரைட். தங்கையின் கல்யாணத்துக்கு ரைட். அப்பா கட்டிய வீட்டில் மூன்றே அறை. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தம்பிக்கும் அவர் மனைவிக்கும், இன்னொன்று தம்பியின் பெண் பிள்ளைகளுக்கு என்று பிரித்தபோது அதற்கும் ரைட். இவர்கள் இருவருக்கும் ஹால். விரித்த மெத்தையைக் காலை ஆறு மணிக்குள் சுருட்டியாக வேண்டும், ஆறரைக்கு அங்கே ஜெபக் கூட்டம். ஹாலுக்குக் கதவு கிடையாது. திரை உண்டு. அதையும் அவள்தான் தைத்தாள், ஓரத்தில் பூவேலை எல்லாம் செய்து.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் கதவு நிலையை நிறுத்தும்போது, வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு எழுதித் தகரப் பெட்டியில் போட்டு, வாசற்படிக்கு அடியில் வைத்துப் பூசிவிடுவார்கள். பெயர் எழுதக் கூடாது. ஒருவருடையதை ஒருவர் படிக்கக் கூடாது.

நேற்று வைத்ததையும் சேர்த்து, அப்படி ஒன்பது வீட்டு வாசலுக்கு அடியில் அவளுடைய சீட்டு கிடக்கிறது. ஒன்பதிலும் ஒரே வரிதான். ‘எங்கள் இருவருக்கும் ஒரு தனி வீடு.’

கடவுளிடம் ஒன்பது முறை கேட்டவளுக்குக் கணவரிடம் ஒரு முறை கேட்க வாய் வரவில்லை. கேட்டால், வீட்டைப் பிரித்தவள் என்ற பெயர் வரும். அது போகட்டும். தகரத்துக்கு அடியில் ஆறு பேர் படுத்துக் கிடக்கும் குடும்பங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தனியாக வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? சபையில் அவளுக்குப் ‘பெரிய மனசுக்காரி’ என்று பெயர் வேறு. அந்தப் பெயரைக் கழற்றி வைக்க ஆணி கிடைக்காமல்தான் இத்தனை வருடம் சுமந்துகொண்டிருக்கிறாள்.

அன்று காலை நேர்ந்த முதல் குழப்பத்தைக் கண்டுபிடித்தவள், வீட்டுக்கு உரியவள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, புது வாசலில் நின்று, உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள்.

“அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. இது வெளிய திறக்கிற கதவா?”

நிலையில் கதவு வந்து உட்காருவதற்கு ஒரு பக்கம் மட்டும் விரற்கடை ஆழத்துக்குச் செதுக்கியிருப்பார்கள். அந்தப் பக்கம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே அது தெருவைப் பார்த்து நின்றது.

“கீலும் வெளியதான் வரும். திருகாணியைக் கழட்டினா கதவு கையோட வந்துடும். அப்புறம் தாழ்ப்பாளுக்கு என்ன மரியாதை?” என்றாள் இஸ்திரிக்காரி. “கோழிக்கூடு கூட இதைவிட நல்லா இருக்கும்க்கா.”

நேற்று மாலை நடந்ததை ஒவ்வொருவராக ஒட்டிச் சேர்த்தார்கள். தச்சர் கீல் வாங்கப் போயிருந்தார். பல் மருத்துவர் ஒருவரும் இன்சூரன்ஸ் குமாஸ்தா ஒருவரும் நிலையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் போதகர், ஒரு வார்த்தை ஜெபித்துவிடுவோம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். போதகரின் ஒரு வார்த்தை என்றைக்கும் ஒரு வார்த்தையில் நின்றதில்லை. கை கடுத்துப்போன பல் மருத்துவர் கண்ணைத் திறக்காமலே தோளை மாற்ற, குமாஸ்தாவும் பயபக்தியோடு கூடவே சுற்ற, ‘ஆமென்’ வந்தபோது நிலை முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பி நின்றது. அப்படியே துளை போட்டு முடுக்கிவிட்டார்கள்.

தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். திறந்த வாசலைப் பற்றி மூன்று பிரசங்கம் செய்திருந்த போதகர் தாடையைச் சொறிந்தார்.

“கண்ணை மூடினது தப்பில்ல தம்பி. தூக்கும்போது மூடினதுதான் தப்பு” என்றார் நடத்துநர், மூட்டைமேல் இருந்தபடியே.

எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் தம்பியைக் கேலி செய்து அவள் பார்த்ததே இல்லை. இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?

நிலையைக் கழற்ற, வாசற்படிப் பூச்சை உடைக்க வேண்டியிருந்தது. தச்சரின் கடப்பாரை முதல் குத்திலேயே தகரப் பெட்டியைப் பிளந்தது. சிமெண்ட் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. போதகர் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். உங்கள் கைதான் சுத்தமான கை, பார்க்காமல் காய வைத்து மடித்து வைத்துவிடுங்கள் என்றார். பார்க்காமல் எப்படிக் காய வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டின் பின்புறம் நிழலில் ஒரு பலகையைப் போட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பரப்பினாள். இருபத்திரண்டு. மற்றதெல்லாம் நான்காக மடித்தது. ஒன்று மட்டும் நீளவாக்கில், விரலிடுக்கில் செருகுகிற மாதிரி, மூன்று மடிப்பு.

உலகத்தில் தாளை அப்படி மடிக்கிறவர்கள் நடத்துநர்கள்தான். ரூபாய் நோட்டை மடித்து மடித்துப் பழகிய கை, மளிகைச் சீட்டையும் அப்படித்தான் மடிக்கும், மருந்துச் சீட்டையும் அப்படித்தான் மடிக்கும்.

படிக்கக் கூடாது. தெரியும். எட்டு வருடமாக அந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவளே அவள்தான். கவிழ்த்து வைத்தாள். பக்கத்துச் சீட்டை நேராக்கினாள். பின் வேறு யாரோ செய்வது மாதிரி அவள் கை அந்தச் சீட்டைத் திருப்பியது.

முதல் வரி சிமெண்ட் தண்ணீரில் ஊறி நீலமாய்க் கரைந்துவிட்டது. மீதி இருந்தது இவ்வளவுதான்:

‘அவள் கேட்டால் இல்லை என்று சொல்லாத மனதைத் தாரும். இந்த வருஷமாவது.’

அவளா? யார் அவள்?

மாமியாராக இருக்குமோ? மாமியாரை ‘அவள்’ என்று எழுதுகிறவர் இல்லை. தங்கையா? தங்கை கேட்டு இவர் இல்லை என்று சொன்ன நாளே கிடையாது, அதற்கு ஜெபம் எதற்கு? டிப்போவுக்குப் புதிதாக ஒரு பெண் பரிசோதகர் வந்திருக்கிறாள், ரொம்பக் கண்டிப்பு என்று போன மாதம் இரண்டு முறை சொன்னாரே! அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஐம்பதை நெருங்கும் மனிதர். தொப்பையை மறைக்கச் சட்டையை வெளியே எடுத்து விடச் சொல்லிக் கொடுக்கிறவளே இவள்தான். ஆனாலும் அந்த எழுத்து அப்படியேதான் இருந்தது. இந்த வருஷமாவது. அப்படியென்றால் போன வருஷமும் இருந்திருக்கிறது, அதற்கு முந்தின வருஷமும்.

தானாக இருக்குமோ என்றும் ஒரு கணம் தோன்றியது. உடனே தள்ளினாள். அவள்தான் எதையும் கேட்டதே இல்லையே.

குழப்பத்தில் இருபத்திரண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, துணி மடிக்கிற மாதிரி நான்காக மடித்து, வேறொரு டப்பாவில் அடுக்கினாள்.

தேநீர் வேளையில் போதகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணி, ஒரு விஷயம். ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அறுபதைத் தாண்டிட்டாங்க. ஹாலை முழுசா அதுக்கே விட்டா நல்லதுன்னு அவ ரொம்ப நாளாக் கேக்குறா.”

அவ என்றது போதகரின் மனைவியை. தையற்காரி தேநீரைக் கீழே வைத்தாள். ஓ, அந்த ‘அவள்’ இவள்தானா?

பின்பக்கத் தாழ்வாரத்தைப் பலகை வைத்து அடைத்துவிட்டால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று போதகர் விளக்கிக்கொண்டே போனார். தையல் மெஷினைக்கூட ஓரமாகப் போட்டுக்கொள்ளலாமாம். கெட்ட மனிதர் இல்லை அவர். அடுத்தவருக்கு ஒன்று என்றால் தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். பல நேரம் அண்ணனின் சட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

“உங்க அண்ணன் ரைட்னு சொல்லியிருப்பாரே” என்றாள் அவள்.

“அதான் இல்ல அண்ணி. வேன்லயே கேட்டேன். ‘உங்க அண்ணிகிட்ட கேளு’ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். எனக்கு ஒண்ணுமே புரியல. அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

அவளுக்கும்தான் புரியவில்லை. தம்பி மனைவி கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என ஜெபித்தவர், ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை? தான் சொல்ல வேண்டிய ‘ரைட்’டை அவள் வாயால் சொல்ல வைக்கவா? பழியும் புண்ணியமும் அவளுக்கே போகட்டும் என்றா?

“நீங்க மாட்டேன்னு சொன்னதே இல்ல. நான் அவகிட்ட சரின்னு சொல்லிடட்டுமா?”

“சாயந்திரம் சொல்றேன் தம்பி.”

போதகர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனார். ஒரு கேள்விக்குச் சாயந்திரம் வரை தவணை கேட்ட அண்ணியை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

மதியம் நிலை சரியாக நின்றது. போதகர் ஜெபித்தார், இந்த முறை தச்சர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். புது டப்பாவை வாசற்படிக்கு அடியில் வைக்கும் வேலை நடத்துநருக்கு வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மூடி, பள்ளத்தில் வைத்து, கரண்டியால் பூசினார். தலையைத் தூக்கி எங்கும் பார்க்கவில்லை.

தச்சர் கதவை மாட்டிக்கொண்டிருந்தபோது, தையற்காரியும் இஸ்திரிக்காரியும் சுவர் ஓரத்தில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினார்கள். மூன்று வருடமாகத் தன் வாசலுக்குத் துணிதான் கதவு என்றாள் இஸ்திரிக்காரி. மழை உள்ளே வந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆள் வந்தால்?

“கேட்டுட்டு உள்ள வரணும்க்கா. அதுக்குப் பேருதான் வீடு. மத்ததெல்லாம் கூரை.”

சுரண்டிக்கொண்டே இருந்தாள் தையற்காரி.

“ஆமா, தாழ்ப்பாளை எந்த உயரத்துல வைக்கிறது? உங்க வீட்ல எங்க வச்சிருக்கீங்க?”

சாதாரணக் கேள்வி. கேட்டவள் பதிலுக்குக் காத்திருந்தாள். மெத்தை, திரை, மெஷின், ஜெபக் கூட்டத்து நாற்காலிகள் எல்லாம் தையற்காரியின் கண் முன்னே வந்தன. தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை.

“பொதுவா... நடுவுல” என்றாள்.

“நீங்களும் நானும் ஒரே உயரம்தான். உங்க கைக்கு வாகா எங்க வருதோ, அங்கேயே வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு வரப் பள்ளிக்குப் போய்விட்டாள் இஸ்திரிக்காரி.

தச்சர் பக்கத்து மனையில் ஜன்னல் பார்க்கப் போயிருந்தார். தாழ்ப்பாளும் நான்கு திருகாணிகளும் நடத்துநரின் கையில் இருந்தன. வெளியே இருந்து கதவில் அடையாளம் போட முடியாது. இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

அறையில் ஒன்றும் இல்லை. பூச்சின் ஈர வாசனை. ஜன்னல் வழியே தரையில் விழுந்த நாலு சதுர வெயில்.

“எங்க வைக்கலாம்?” என்றார்.

அவள் கையை நீட்டிக் கதவைத் தொட்டாள். தொட்ட இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டார். திருகாணிகளை முடுக்கினார். மூன்று நேராக இறங்கின, நான்காவது கோணிக்கொண்டது. கழற்றி மறுபடி முடுக்கினார். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

டக்.

சின்னச் சத்தம்தான். ஆனால் இருவருமே அசையவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்ததா என்று தெரியவில்லை. அவர் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ படிச்சிட்டே” என்றார், திரும்பாமல்.

அவளுக்குக் காது சூடாகியது. “எப்படித் தெரியும்?”

“என் மடிப்பு ஒண்ணுகூட உள்ள இல்ல. எல்லாம் உன் மடிப்பு.”

“முதல் வரி அழிஞ்சு போச்சுங்க. யாரு, என்னன்னு எனக்கு ஒண்ணும் விளங்கல. காலையிலேர்ந்து மண்டை காயுது. தம்பி சம்சாரத்தைத்தான் எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

அவர் திரும்பினார். அவர் முகத்தில் இருந்ததும் குழப்பம்தான்.

“அவளை நான் எதுக்கு எழுதணும்? பஸ்ல நீ ஏதோ கேக்க வந்தே. நான் அப்புறம்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீ கேக்கவே இல்ல. அது என்னவா இருக்கும்னு... சில நாள் ஒண்ணு தோணும், சில நாள் வேற தோணும். என்னை விட்டுட்டுப் போகட்டுமான்னு கேப்பியோன்னுகூடத் தோணியிருக்கு.”

“நானா?”

“வருஷா வருஷம் பத்து நாள் போயிட்டு வர்ற. வரும்போது முகம் மாறியிருக்கு. இங்க அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கலாம்னு வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. ஒன்பது வாசலுக்கு அடியில் புதைத்தது இவருக்கு எப்படித் தெரியும்? இவர் பயந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே மெத்தையைச் சுருட்டுகிற இரண்டு பேர்.

கதவு தட்டப்பட்டது.

“அண்ணி, உள்ளேயா இருக்கீங்க?” போதகரின் குரல். “சாயந்திரம் ஆச்சு. அவ போன்ல இருக்கா. சரின்னு சொல்லிடட்டுமா?”

பழக்கத்தில் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. திரை என்றால் இந்நேரம் விலகியிருக்கும். விரல் இரும்பில் பட்டதும் நின்றது.

அவர் நகரவில்லை. ஜன்னல் பக்கமும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப ஸ்டாப் எதுவும் வரல” என்றார் மெதுவாக. “கேளு.”

வெளியே தட்டுவது நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது; இங்கே சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அங்கே கேட்கும், போனுக்கும் கேட்கும், ராத்திரிக்குள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் தெரிந்தது. பெரிய மனசுக்காரி என்ற பெயர் அப்போதே கழுத்திலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. அது பாரம் குறைவதா, தான் விழுவதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு தனி வீடு வேணும்ங்க. ஒரே அறையா இருந்தாலும் போதும். கதவை நான் சாத்தணும்.”